கடிகாரம் யார் கையில்?
நெல்லைப் பிள்ளைகளின் போட்டி நீச்சலும் பெற்றோரும்

தாமிரபரணிக் கரையில் நீச்சல் கற்றுக்கொள்ள யாரும் காசு கொடுத்ததில்லை. பாபநாசத்துக்குக் கீழே தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். நடுவில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, குறுக்குத்துறை என்று ஊருக்கு ஊர் படித்துறை. தாத்தாவோ மாமாவோ இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். நாலு மடக்குத் தண்ணீர் குடித்தபின் பிள்ளை தானாகக் கையைக் காலை அடிக்கத் தொடங்கும். எங்கே கசம், எந்த மாதம் இழுப்பு அதிகம், எந்தப் பாறையில் பாசி என்பதும் அந்தப் பாடத்திலேயே அடக்கம். யார் முதலில் அக்கரை தொட்டார்கள் என்பது மட்டும் அன்று சாயங்காலமே மறந்துபோகும்.

அப்படி நீந்தப் பழகியவர்கள் இன்று தாயும் தகப்பனுமாகி, விடியுமுன் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்துக்கோ, ஒரு தனியார் பள்ளியின் குளத்துக்கோ போகிறார்கள். இவர்களுக்கு நீந்தத் தெரியும். போட்டி நீச்சல் தெரியாது. சென்னையிலோ பெங்களூரிலோ நீச்சலே தெரியாத பெற்றோர் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நெல்லைத் தகப்பனால் அது முடியாது. ஆற்றில் பழகியவர் ஆயிற்றே.

கம்பிக்கு வெளியே நின்று அவர் அடிக்கடி கொடுக்கும் குரல், "தலையத் தூக்குல!" என்பது. ஆற்றில் அது உயிர் காக்கும் அறிவுரை. எதிரே வரும் கட்டையையும் சுழலையும் பார்க்க வேண்டும், கரை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். போட்டிக் குளத்தில் தலை எழும்பினால் இடுப்பு தாழும், கால் பின்னால் இழுபடும், நேரம் போய்விடும். பயிற்சியாளர் மாதக்கணக்காகத் தலையைத் தாழ்த்தப் பழக்கியதை ஒரே சத்தத்தில் தகப்பன் கலைத்துவிடுகிறார். ஆற்றுப் பழக்கத்தில் உதவுகிறவையும் உண்டு. ஃப்ரீ ஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் 15 மீட்டர் வரை நீருக்கடியில் போகலாம் என்பது விதி. முங்கு நீச்சலில் தேறிய பிள்ளைக்கு அது கைவந்த கலை. எது உதவும், எது கெடுக்கும் என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் குளத்தோரம் நிற்கும் பயிற்சியாளர். அந்த வேலையைத் தகப்பன் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு இரண்டு பயிற்சியாளர்கள், வீட்டில் ஒருவரும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோடு போட்ட, அசையாத, அடி தெரியும் நீரில் வளர்ந்த பிள்ளை மாநிலப் பதக்கம் வாங்கியிருந்தாலும் ஆற்றுக்குப் புதியவன்தான். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி இருகரையும் புரண்டதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளத்தில் பழகும் பிள்ளைக்கு ஆற்றின் மரியாதையையும் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் பங்கு. கடிகாரம் வைத்திருக்கும் எந்தப் பயிற்சியாளரும் அதைச் சொல்லித் தரப்போவதில்லை.

கடிகாரத்துக்கு வருவோம். போட்டி நீச்சலில் வீட்டு நிம்மதியைக் குலைப்பது பெரும்பாலும் அதுதான். மற்ற விளையாட்டுகளில் தோல்விக்குச் சாக்குச் சொல்லலாம், நடுவர், ஆடுகளம், ஜோடி என்று. நீச்சலில் நொடியை நூறாகப் பிரித்து ஓர் எண் வருகிறது. அந்த எண் உண்மையை மட்டுமே சொல்லும் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அது பல விஷயங்களைச் சேர்த்துச் சொல்லும் எண்.

25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்தும் பிள்ளைக்கு மூன்று திருப்பங்கள், 50 மீட்டர் குளத்தில் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துப் பாய்வதால் வேகம் கூடும். சின்னக் குளத்தில் பழகிய பிள்ளை பெரிய குளத்துக்குப் போனதும் நேரம் கூடுவது இயல்பு. அதோடு, கையால் அழுத்தும் கடிகாரம் மின்னணுத் தொடுபலகையைவிடக் கொஞ்சம் தாராளமாகவே நேரம் கொடுக்கும். உள்ளூர்ப் போட்டியில் கையால் அழுத்திய கடிகாரம் தந்த நேரத்தை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் 650 கிலோமீட்டர் போய், வேளச்சேரி நீச்சல் வளாகத்தின் பெரிய குளத்தில் பிள்ளை இறங்கும்போது பலகையில் வரும் எண்ணைப் பார்த்து முகம் சுருங்கும் பெற்றோர் பலர். ஓர் இரவு முழுக்க ரயில், லாட்ஜ், ஆட்டோ, பிறகு அரை நிமிடத்தில் முடிந்துவிடும் 50 மீட்டர். அந்த அரை நிமிடத்துக்காகச் செலவான பணமும் தூக்கமும் கேள்வியாகத் திரண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கி நிற்கும் பத்து வயதுப் பிள்ளையின்மேல் இறங்குகிறது: "ஏன் மூணு நொடி கூடிப் போச்சு?"

வயதுப் பிரிவு வேறொரு கண்கட்டு. பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கும்போது ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். பன்னிரண்டு வயதில் ஒருவன் மீசை அரும்பி ஆறடியை நோக்கி வளர்ந்திருப்பான், இன்னொருவன் இன்னும் குழந்தை உடம்போடு இருப்பான். முன்னவன் வெல்வது வளர்ச்சியின் வேகத்தால், நீச்சலின் நேர்த்தியால் அல்ல. பின்னவன் பதினேழில் எங்கே நிற்பான் என்று அந்தப் பலகை சொல்லாது. இதைப் புரிந்துகொள்ளாத சிலர் பிறப்புச் சான்றிதழிலேயே கைவைக்கிறார்கள். அதற்குப் பெயர் மோசடி, வேறு மென்மையான சொல் தேட வேண்டாம். முதலில் ஏமாறுவது அந்தப் பிள்ளைதான். இரண்டு வயது சின்னவர்களை வென்று பழகியவன் தன் வயதுக்காரர்களோடு நிற்க வேண்டிய நாளில் நிலைகுலைந்துபோவான்.

சிறுவயது வெற்றிதோல்வியைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பதை நார்வே நாடு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. 1987-இல் கொண்டுவந்து 2007-இல் திருத்திய அவர்களுடைய சிறுவர் விளையாட்டு விதிகளின்படி, 11 வயதுக்குமுன் தரவரிசைப் பட்டியல் கூடாது, 13 வயதுக்குமுன் தேசியச் சாம்பியன் பட்டம் கூடாது. நம் ஊரில் அப்படியோர் உத்தரவு வந்தால் பெற்றோர் வழக்குப் போடுவார்கள் என்றே நினைக்கிறேன். உத்தரவு வராவிட்டால் என்ன, வீட்டுக்குள் அதைக் கடைப்பிடிப்பதை யாரும் தடுக்கவில்லை.

பெற்றோர் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கு நமக்குத் தெரிந்த வாழ்க்கைகள் ஒரே விடையைத் தருவதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் சஜன் பிரகாஷ். பிறந்தது இடுக்கியில் என்றாலும் வளர்ந்தது நெய்வேலியில். தாய் சாந்திமோள் ஒரு தடகள வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவன ஊழியர். மகனைத் தனியொருத்தியாக வளர்த்தவர். அந்த நகரியத்தின் குளத்தில்தான் சஜன் நீந்தக் கற்றார். மாநகரில் இல்லாத பிள்ளையும் தொடக்கத்தைச் சரியாகப் பெறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வேலை செய்கிற தாய், சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு குளம், சரியான பயிற்சி. அதற்குப்பின் அவரும் பெங்களூர், தாய்லாந்து, துபாய் என்று போகத்தான் வேண்டியிருந்தது. நடுவில் கழுத்துத் தண்டுவட வட்டு நழுவிக் கை தூக்க முடியாத நாட்களும் வந்தன. 2021 ஜூன் 26 அன்று ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதி நேரத்துக்கும் அவருடைய நேரத்துக்கும் இடைவெளி நொடியில் பத்தில் ஒரு பங்கு. அன்று அவருக்கு வயது 27. பதினோரு வயதில் மாநிலப் பதக்கம் வரவில்லை என்று பிள்ளையைக் குளத்திலிருந்து இறக்கிவிடும் பெற்றோர் அந்த 27-ஐ ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். சாந்திமோள் விளையாட்டிலிருந்து வந்தவர், காத்திருத்தல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தவர்.

நிஷா மில்லட் கதை சென்னையில் தொடங்குகிறது. சிறுவயதில் நீரில் மூழ்கித் தப்பிய மகளுக்குத் தண்ணீர்ப் பயம் போக வேண்டும் என்று 1991-இல் ஷெனாய் நகரில் அவருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் தகப்பனார். பிறகு பயிற்சி வசதிக்காகக் குடும்பமே பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. 1999 இம்பால் தேசிய விளையாட்டில் 14 தங்கம், 2000-இல் சிட்னி ஒலிம்பிக். அண்மையில் தினிதி தேசிங்கு. மூன்று வயதில் அதிகம் பேசாத குழந்தை, நாலு பேரோடு பழகட்டும் என்று பெங்களூரில் வீட்டுப் பக்கத்துக் குளத்துக்குப் பெற்றோர் கூட்டிப்போனார்கள். 14 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீ ஸ்டைல் நீந்தினார். இந்த இரண்டிலும் என்னைக் கவர்வது தொடக்கக் காரணம். ஒருவருக்குப் பயம் போக, இன்னொருவருக்குப் பழக்கம் வர. பதக்கம் அந்த வீடுகளின் திட்டத்தில் முதலில் இருக்கவே இல்லை.

நடிகர் மாதவன் குடும்பத்தை எல்லோரும் அறிவார்கள். கொரோனாக் காலத்தில் மும்பையின் பெரிய குளங்கள் மூடியிருந்ததால் மகன் வேதாந்தின் பயிற்சிக்காக 2021-இல் துபாய்க்குப் போனார்கள். அடுத்த ஆண்டு டென்மார்க் ஓப்பனில் 800 மீட்டரில் தங்கம், 1500 மீட்டரில் வெள்ளி. பாராட்டத்தக்கது. வள்ளியூரிலோ வீரவநல்லூரிலோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் இதைப் பார்த்துத் தன்னைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஊரை மாற்றுவது நடிகர் குடும்பத்துக்கு ஒரு முடிவு, மற்றவர்களுக்கு அது ஒரு வேலை, ஒரு வீடு, இன்னொரு பிள்ளையின் பள்ளிக்கூடம். பதினான்கு, பதினைந்து வயதுக்குமுன் நீச்சலுக்காக ஊரை விடுவது அவசியமில்லை என்பது என் கருத்து. அந்த வயதில் பிள்ளைக்கே ஆசை இருந்து, பயிற்சியாளரும் "இனி இங்கே என்னால் தர முடிந்தது இவ்வளவுதான்" என்று சொன்னால் அப்போது யோசிக்கலாம். அப்படிச் சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

குற்றாலீஸ்வரனைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. பெயரில் நம் குற்றாலம், வளர்ந்தது சென்னை. 1994-இல், பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகள். 1966-இல் ஓராண்டில் ஐந்தைக் கடந்த மிஹிர் சென்னின் சாதனை முறிந்தது. அர்ஜுனா விருதும் வந்தது. ஆனால் கடல் நீச்சலுக்குப் படகு வேண்டும், உடன்வரும் ஆட்கள் வேண்டும், அனுமதிகள் வேண்டும். ஆதரவாளர் கிடைக்காமல் அவர் நீச்சலை நிறுத்திவிட்டுப் பொறியியல் படிக்கப் போனார். மாநிலமே கொண்டாடிய ஒரு சிறுவனின் குடும்பத்துக்கே செலவைத் தாங்க ஆள் கிடைக்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற கனவு மட்டும் தமிழ்நாட்டில் அப்படியே இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சிறு பிள்ளைகள் நீந்துவதும், தனியார் சாதனைப் புத்தகங்களின் சான்றிதழோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் படம் எடுத்துக்கொள்வதும் செய்தியாகின்றன. அந்தப் பிள்ளைகளின் துணிவில் எனக்குச் சந்தேகமில்லை. இரவில், ஜெல்லி மீன்கள் திரியும் நீரில், பத்து மணி நேரம் நீந்தும் முடிவைப் பத்து வயதில் யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் சந்தேகம். குளப் போட்டியில் எட்டுப் பேர் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நீந்துகிறார்கள். சாதனைச் சான்றிதழில் எதிராளி என்று யாரும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இனி வீட்டுக்குள். நீச்சல் பிள்ளையின் பசி மற்றப் பிள்ளைகளின் பசி இல்லை. காலை நீச்சல் முடிந்து பள்ளிக்கூடம் போகுமுன் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். வெளிநாட்டுப் பொடி டப்பா தேவையே இல்லை. உளுந்தங்கஞ்சி, அவித்த முட்டை, வாழைப்பழம், பையில் நாலு கோவில்பட்டிக் கடலை மிட்டாய், இதெல்லாம் இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று: 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. "மக கொஞ்ச நாளா சோம்பேறியா நீந்துதா" என்று பயிற்சியாளரிடம் புகார் சொல்வதற்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடலாம்.

பெண் பிள்ளைகள் குளத்தைவிட்டு விலகும் வயது பன்னிரண்டு, பதின்மூன்று. வயதுக்கு வந்ததும் உடல் மாறும், ஓராண்டு, ஈராண்டு நேரம் குறையாமல் நிற்கும், சில சமயம் கூடவும் செய்யும். அதே நேரத்தில்தான் நீச்சலுடையைப் பற்றி ஆச்சி முணுமுணுப்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றாக விழும்: நீ இனி இங்கே வேண்டாம். அந்த வயதில் ஆச்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அம்மாவோ அப்பாவோ, பிள்ளை இல்லை. மாதவிடாய் நாட்களில் என்ன செய்யலாம் என்பதை அம்மா முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் பாதிச் சங்கடம் தீரும். குளத்தில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறை இருக்கிறதா என்று சேர்க்கும் நாளிலேயே போய்ப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனியறைப் பயிற்சி, தனியாக வெளியூர்ப் பயணம் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல பயிற்சியாளர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தோள் வலி வந்தால் தைலம் தேய்த்து மறுநாளும் இறக்கிவிடுவது நம் பழக்கம். ஃப்ரீ ஸ்டைலும் பட்டர்ஃபிளையும் தோளை ஆயிரக்கணக்கான தடவை சுழற்றுபவை. வளரும் வயதில் வலி ஓய்வைக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு பற்றிப் பாளையங்கோட்டையில் பேசுவதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். பள்ளிக்கூடங்களால் பெயர் பெற்ற ஊர். இங்கே ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பல பிள்ளைகளின் நீச்சல் முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முழுக்க நிறுத்திவிட்டுப் பிறகு வரலாம் என்பது நடக்காத பேச்சு. தண்ணீரின் பிடி கையைவிட்டுப் போனால் திரும்ப வர நிறுத்திய காலத்தைவிட அதிகம் பிடிக்கும். வாரம் ஆறு நாளை மூன்றாகக் குறைக்கலாம், அடியோடு அறுக்க வேண்டாம். இன்னொரு பக்கம், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் என்ற கணக்கை வைத்தே பிள்ளையை நீந்தவிடும் பெற்றோரும் பெருகிவிட்டார்கள். இட ஒதுக்கீடு நல்ல ஏற்பாடு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கதவு. ஆனால் அது ஒன்றே குறி என்றால் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். சான்றிதழ் கையில் வந்த மறுநாள் அவனைக் குளத்தோரம் பார்க்க முடியாது.

பெற்றோர் செய்ய வேண்டியதைக் கேட்டால் என் விடை சலிப்பூட்டும். எழுப்புவது, கொண்டுபோய் விடுவது, சோறு, தூக்கம், கட்டணம், காத்திருப்பது. இங்கிலாந்தின் ஆடம் பீட்டி 2016, 2021 ஒலிம்பிக்குகளில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்றவர். சின்ன வயதில் தண்ணீருக்குப் பயந்தவர். அவருடைய தாய் செய்ததாக உலகம் அறிந்த வேலை, விடியுமுன் எழுந்து மகனைக் காரில் ஏற்றிப் பயிற்சிக்குக் கொண்டுபோனது. பைக்கில் வீடு திரும்பும் வழியில் பந்தயத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது இந்தப் பட்டியலிலேயே கடினமானது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தப்பிக்க வழியே இல்லை. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்கலாம். இல்லையென்றால் சாந்தி ஸ்வீட்ஸ் அல்வாக் கடைப் பக்கம் வண்டியைத் திருப்புவது உத்தமம்.

கையில் கடிகாரம் இல்லாமல் இருக்க முடியாது என்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மாவட்டப் போட்டிகளில் நேரக் காப்பாளர்களுக்கும் திருப்பம் பார்ப்பவர்களுக்கும் எப்போதும் தட்டுப்பாடு. விதிகளைப் படித்துவிட்டு அந்த வேலைக்குப் பெயர் கொடுக்கலாம், ஊரார் பிள்ளைக்கு நேரம் எடுக்கலாம். ஒரு நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளுக்கு விரலை அழுத்தினால், நொடியில் பத்தில் ஒரு பங்கு எப்படித் தவறுகிறது என்று கை சொல்லும். வீட்டுக்கு வந்தபின் மகனின் நேரத்தைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் தனித்தனி வீட்டு வேலை. ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பொதுக் குளங்கள் கற்றுக்கொள்ளும் முகாம்களால் நிரம்பிவிடுகின்றன. அது நடக்க வேண்டியதே, ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீந்தத் தெரியாத பிள்ளை இருக்கவே கூடாது. ஆனால் பள்ளி விடுமுறை என்பதால் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நீண்ட நேரம் நீந்த வாய்ப்புள்ள மாதங்களும் அவைதான். கோடை முடிந்ததும் மாநில, தேசியப் போட்டிகள் தொடங்கும். கற்றுக்கொள்ளும் கூட்டத்துக்கு நடுவே அவர்கள் நீந்த முடியாமல் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோர் இருபது பேர் கையெழுத்திட்டு மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு மனு கொடுத்தால் போதும்: காலை ஐந்தரை முதல் ஏழரை வரை, முகாம் நடக்கும் மாதங்களிலும், போட்டிப் பிள்ளைகளுக்கென்று இரண்டு தடங்கள், பெண்கள் உடைமாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள், பயிற்சி நேரம் முழுவதும் ஓர் உயிர்காப்பாளர்.